இரண்டு தொட்டிகள்

தமிழில் 'தொட்டி' என்னும் சொல் பல சுமைகளைத் தாங்குகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் தொட்டி. மாடியில் குடிநீரைத் தேக்கி வைப்பதும் தொட்டி. செடி வளர்ப்பது பூந்தொட்டி. வேண்டாததை வீசுவது குப்பைத்தொட்டி. கொடுத்ததைப் பெற்றுத் தன்னுள் வைத்துக்கொள்ளும் கலம் என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான பொருள். பெற்றுக்கொண்டதை அது என்னவாக ஆக்குகிறது என்பதில்தான் ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

வடசென்னையில் வியாசர்பாடிக்கு வடக்கே, மாதவரத்துக்கும் மணலிக்கும் அருகே அமைந்துள்ள கொடுங்கையூரின் பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகள் பலருக்கு நினைவில் எழுவது குப்பைமேடுதான். நகரம் தன் குப்பைத்தொட்டியாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூரைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஆயினும் அம்மேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, சற்றே தலையை உயர்த்திப் பார்ப்போமானால், மாடிகளின் கைப்பிடிச் சுவர்மேல் மற்றொரு வகைத் தொட்டிகளைக் காண்கிறோம். வண்ணப்பூச்சு வாளியில் தக்காளி, பழைய அரிசிச் சாக்கில் அவரை, விளிம்பு உடைந்த குடத்தில் கற்பூரவள்ளி. இவ்விரு தொட்டிகளுக்கும் இடையே ஓடும் வரலாற்றை இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். மாடித்தோட்டம் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கொடுங்கையூரின் கதையை அறிந்தவர்க்கு அது அவ்வளவு எளிய செய்தியாகத் தோன்றாது.

உடைந்த பானையின் பழங்கதை

கலத்தில் மண் இட்டு விதை ஊன்றும் பழக்கம் மிகத் தொன்மையானது. பண்டைய ஏதென்ஸ் நகரில், அதோனிஸ் என்னும் இளைஞனின் சாவுக்குத் துக்கம் காக்கும் விழாவின்போது, பெண்கள் உடைந்த பானைகளில் கோதுமை, வாற்கோதுமை, சோம்பு, லெட்டூஸ் கீரை ஆகியவற்றை விதைத்துக் கூரைகளின்மீது வைத்தனர். கோடை வெயிலில் அவை விரைந்து முளைத்து, விரைந்தே வாடின. வேரூன்றாத முயற்சிக்கு 'அதோனிஸ் தோட்டம்' என்பது பழமொழியாகவே ஆயிற்று. பிளேட்டோவின் 'பைட்ரஸ்' என்னும் உரையாடலில் சாக்ரட்டீஸ் இதனை எடுத்துக்காட்டுகிறார். எட்டு நாளில் வாடும் அழகுக்காக நல்ல விதையை எந்த உழவனும் செலவிட மாட்டான், தக்க நிலத்தில் இட்டு எட்டு மாதம் காத்திருப்பான் என்பது அவருடைய கருத்து.

நம் ஊர்களின் முளைப்பாரியும் இத்தகையதே. மண்ணும் எருவும் இட்ட கலத்தில் தானியங்களை முளைக்கவிட்டு, அம்மன் விழாவில் பெண்கள் தலையில் சுமந்து சென்று நீரில் கரைப்பர். கத்தோலிக்க மரபிலும் இதன் உறவுகள் உண்டு. இத்தாலியின் சிசிலி, சார்தீனியா தீவுகளில் தட்டுகளில் இருட்டில் முளைக்கவைத்த வெளிர்நிறக் கோதுமை நாற்றைப் பெரிய வியாழனன்று நற்கருணை வைக்கப்படும் பீடத்தின் முன் வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நம் வீடுகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னதாகத் தட்டில் கேழ்வரகையோ நெல்லையோ கடுகையோ தூவி, குடிலுக்குப் பசுமை முளைக்கவைப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது எனலாம். முளைத்தலையும் மடிதலையும் மீண்டும் எழுதலையும் மனித குலம் முதலில் கற்றுக்கொண்டது விதையிடமிருந்து அல்லவா!

இவை யாவும் வழிபாட்டுக்குரிய முளைகள், உணவுக்குரியவை அல்ல. உணவும் மருந்தும் தரும் தோட்டத்தை ஓர் ஒழுங்காக்கிய பெருமை ஐரோப்பாவில் பெரிதும் துறவு மடங்களைச் சாரும். 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், மடத்துக்கு வேண்டிய நீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம் ஆகியவை மதிலுக்குள்ளேயே இருத்தல் நன்று என்கிறது. ஏறத்தாழ 820ஆம் ஆண்டைச் சேர்ந்த சாங்க்ட் காலென் மடத்தின் வரைபடம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அதில் காய்கறிகளுக்கென 18 பாத்திகளும், நோயாளர் இல்லத்தருகே மூலிகைகளுக்கென 16 பாத்திகளும் பெயர் குறித்துக் காட்டப்பட்டுள்ளன. அதே நூற்றாண்டில் ரைசனாவ் மடத்தின் தலைவராயிருந்த வாலாஃப்ரித் ஸ்திராபோ, தம் சிறு தோட்டத்தைப் பற்றி ஒரு பாடல் இயற்றினார். கை காய்த்துப் போவதற்கும் கூடையில் எரு சுமப்பதற்கும் தயங்குபவன் தோட்டக்காரனாக முடியாது என்பது அவர் உணர்த்தும் பாடம். ஒரு மடத்தின் தலைவர் எருக்கூடையைத் தம் பாடலில் ஏற்றினார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கொடுங்கையூரின் கதையும் எருவிலிருந்தே தொடங்குகிறது.

புல் விளைந்த ஊர்

நகரம் என்பது உணவை உள்ளே இழுத்துக் கழிவை வெளியே தள்ளும் ஓர் உயிரி. கழிவு மீண்டும் வயலை அடையுமாயின் வட்டம் நிறைவுபெறும். அடையாவிடில் வயல் இளைக்கும், ஆறு கெடும். 1862ஆம் ஆண்டில் வெளிவந்த விக்டர் ஹியூகோவின் பெருநாவலை, சுத்தானந்த பாரதியாரின் 'ஏழைபடும் பாடு' வாயிலாகத் தமிழர் நன்கறிவர். பாரிஸ் நகரம் தன் சாக்கடை வழியே பெரும் செல்வத்தைக் கடலில் கொட்டுகிறது என்று அந்நாவலில் அவர் பல பக்கங்களுக்கு வருந்துகிறார். அடுத்த பத்தாண்டில் அந்நகருக்கு அருகேயுள்ள ஜென்வில்லியே சமவெளியில் சாக்கடை நீரைப் பாய்ச்சிக் காய்கறி பயிரிடும் பண்ணைகள் எழுந்தன. ஐரோப்பாவின் வேறு நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

சென்னைக்கு வாய்த்த ஜென்வில்லியே கொடுங்கையூர்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகருக்கு நிலத்தடிச் சாக்கடை அமைக்கப்பட்ட பின்னர், கழிவுநீரின் ஒரு பகுதி இங்குள்ள பண்ணைக்கு இறைத்து அனுப்பப்பட்டது. அந்நீரில் மாட்டுத் தீவனப்புல் செழித்து வளர்ந்தது. கறவை மாட்டின் வயிற்றுக்குள் சென்ற புல் பாலாகி நகரத்தின் வீடுகளுக்கே திரும்பிற்று. நகரத்தின் அழுக்கை ஓர் ஊர் பெற்றுக்கொண்டு, அதை உணவாக்கித் திருப்பித் தந்த காலம் அது.

அக்காலத்தைப் பொற்காலம் என்று பாராட்டுவதற்கில்லை. சாக்கடை பாயும் வயலில் வெறுங்காலுடன் நிற்போரைக் கொக்கிப்புழு பற்றிக்கொள்ளும். அந்நீர் பாய்ந்த கீரையைப் பச்சையாக உண்போரை வயிற்று நோய்கள் வாட்டும். அழுக்கைக் கையாளும் வேலை யாருடைய தலையில் விழுந்தது என்பதையும் நாம் அறிவோம். சாதியின் அடித்தட்டில் தள்ளப்பட்ட மக்களே நம் நகரங்களில் அவ்வேலையைச் சுமந்தனர்; இன்றும் சுமக்கின்றனர். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அன்று கழிவு என்பது பெரும்பாலும் மண்ணுக்குத் திரும்பக்கூடிய பொருளாயிருந்தது. மண்ணும் அதை ஏற்றுக்கொண்டது.

பின்னர் நிலைமை மாறிற்று. மணலியில் 1965இல் சென்னை சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனமும், 1966இல் சென்னை உரத் தொழிற்சாலைக்கான நிறுவனமும் தோன்றின. 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் 1971இல் உர உற்பத்தியும் தொடங்கின. அவ்வட்டாரத்துக்குப் பெரிய அளவில் தண்ணீர் தேவைப்பட்டது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. எனவே 1990-களில், கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை மணலி ஆலைகள் வாங்கி, மேலும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றவாறு தூய்மையாக்கும் நிலையம் கொடுங்கையூரிலேயே திறக்கப்பட்டது. குடிநீரைத் தொழிற்சாலைகளிடமிருந்து காத்த நல்ல ஏற்பாடு இது. எனினும் வரலாற்றின் முரணை எண்ணிப் பாருங்கள்: ஒரு காலத்தில் எந்த நீர் நேரே புல்லுக்கு எருவாயிற்றோ, அதே நீர் இன்று மண்ணைத் தொடாமலே குழாய் வழியாகத் தொழிற்சாலைகளைச் சென்றடைகிறது. அவற்றுள் ஒன்று யூரியா செய்யும் ஆலை!

மேடு வளர்ந்த கதை

1980-களிலிருந்து நகரத்தின் திடக்கழிவும் கொடுங்கையூரைத் தேடி வந்தது. தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர் என இரு இடங்களில் சென்னை தன் குப்பையைக் கொட்டியது. அன்றைய வீட்டுக் குப்பையில் காய்கறித் தோல், சாம்பல், இலை, மண் ஆகியவையே மிகுதி. மெல்ல மெல்ல அதனுள் நெகிழிப் பைகள், மின்கலங்கள், குழல்விளக்குகள், மருந்துக் குப்பிகள் புகுந்தன. தனித்தனியே இருந்தால் தோல் எருவாகும்; நெகிழியும் உலோகமும் மறுபடி உருக்கப்படும். ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் எதுவும் எதற்கும் உதவாது. கலந்த குப்பை காற்றின்றி அழுகுகையில் மீத்தேன் வாயு எழுகிறது. அதில் தீப்பற்றினால் நாள்கணக்கில் புகை சூழ்கிறது. மழைநீர் அதனூடே கசிந்து கரிய சாறாக நிலத்தடிக்கு இறங்குகிறது. இவை மூன்றையும் கொடுங்கையூர் மக்கள் நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லர். மூச்சிலும் கிணற்றிலும் அறிந்தவர்கள்.

2024 முதல் இம்மேட்டை அகழ்ந்து பிரிக்கும் பணி நடைபெற்று வருகிறது. ஏறத்தாழ 252 ஏக்கர் பரப்பில் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழங்குப்பை குவிந்திருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். இயந்திரச் சல்லடையில் நெகிழி ஒருபுறமும், கல் ஒருபுறமும், மண் போன்ற தூள் ஒருபுறமும் பிரிகின்றன. அத்தூள் ஒரு காலத்தில் நம் சமையலறைகளிலிருந்து போனதுதான்: நாம் உரித்த வாழைக்காய்த் தோல், நாம் எறிந்த முருங்கைச் சக்கை, விருந்தில் மிஞ்சிய சோறு. அது இன்று மண்ணின் நிறத்தில் இருக்கிறது. மண்ணின் மணமும் ஓரளவு இருக்கிறது. ஆயினும் பள்ளங்களை நிரப்பவே அது பயன்படுகிறது. உலோகக் கலப்பு உண்டென்பதால் அதில் உண்ணும் கீரையை விதைக்க எவரும் துணியக்கூடாது. நாற்பது ஆண்டுக் காலம் ஒரு மாநகரம் தின்று எறிந்த உணவு ஒரு பிடி நல்ல மண்ணாகக்கூட நமக்குத் திரும்பவில்லை. இவ்வூரின் வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துவது இதுவே.

விவிலியத்தில் நாபோத்தின் கதை நமக்குத் தெரியும். அவனுடைய திராட்சைத் தோட்டம் அரண்மனையை அடுத்திருந்தது. அதைக் கீரைத் தோட்டமாக்கிக்கொள்ள விரும்பினான் ஆகாபு மன்னன். மூதாதையர் நிலத்தைத் தர மறுத்த நாபோத்து உயிரிழந்தான். ஏழையின் மண்ணை வலியவன் பறித்துக் கீரை விதைக்க நினைத்ததையே இறைவாக்கினர் எலியா கடிந்துரைத்தார். ஏழைகள் வாழும் ஊரின் மண்ணை எதுவும் விதைக்கவொண்ணாதபடி ஆக்கிவிட்ட நம் காலத்தைக் குறித்து அவர் என்ன சொல்லியிருப்பார்?

முற்றத்திலிருந்து மாடிக்கு

கலத்தில் பயிர் செய்வது வடசென்னைக்குப் புதிதன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் சென்னைக்கு அரிசி வரத்து நின்றது. 'அதிக உணவு விளைவிப்போம்' என்னும் இயக்கத்தை அரசு முடுக்கிவிட்டது. பங்களாக்களில் வாழ்ந்தோர் புல்வெளியைக் கொத்திக் காய்கறி போடலாம். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் கொத்துவதற்கு இடம் ஏது? குடிசை வாசலில் ஒரு முருங்கைக் கொம்பு, கூரைமேல் படரும் ஒரு சுரைக்கொடி, தண்ணீர்க் குடம் கழுவும் இடத்தில் ஒரு புதினாப் பாத்தி என அவர்கள் நிறைவு கண்டனர். குடிசைக்குப் பட்டா இல்லாதிருக்கலாம். ஆனால் அதன் காலடியில் மண் இருந்தது.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபின், வடசென்னையின் பல பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. தீயிலும் வெள்ளத்திலும் அல்லற்பட்ட மக்களுக்கு உறுதியான கூரை கிடைத்தது பெரும்பேறு. அதே வேளையில், முருங்கையும் சுரையும் பின்தங்கிவிட்டன. மூன்றாம் மாடியில் வாழ்பவருக்குக் காலடியில் மண் இல்லை. அப்போதுதான் டால்டா டப்பாக்களும் மண்ணெண்ணெய் டின்களும் படிக்கட்டு ஓரங்களில் பசுமையேறின. துளசி, ஓமவல்லி என்றும் அழைக்கப்படும் கற்பூரவள்ளி, கறிவேப்பிலை, மருதாணி என வீட்டுக்கு ஒன்றிரண்டாவது இருந்தன. குழந்தைக்குச் சளி என்றால் இரண்டு இலையைக் கிள்ளிச் சாறு பிழியும் பாட்டிக்கு இது தோட்டக்கலை என்று தெரியாது. மருந்துப்பெட்டி என்று மட்டுமே தெரியும்.

1996இல் கொத்தவால் சாவடியின் மொத்த வணிகம் கோயம்பேட்டுக்கு மாறியது. அதே ஆண்டில் பெரம்பூர் பி அண்டு சி ஆலையும் மூடப்பட்டது. வேலையும் காய்கறியும் ஒருசேர வடசென்னையை விட்டு விலகிச் சென்றன எனலாம். 2013-14ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கெனப் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதைகளும் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கத் தொடங்கிற்று. பாட்டியின் டப்பாவுக்கு அரசாணையின் ஏற்பு கிடைத்த தருணம் அது.

அடுத்த திருப்பம் துன்பத்தின் வழியே வந்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் கொரோனாத் தொற்றால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரு மாநகரத்தின் குழம்பு ஒரே வாயிலை நம்பியிருந்தது என்பதை அந்நாள்களில் சென்னை உணர்ந்தது. மாடிகளில் தொட்டிகள் பெருகின. 2021இல் அரசு 'ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்' என்ற திட்டத்தின்கீழ் மாடித்தோட்டத் தொகுப்புகளை மீண்டும் மானியத்தில் வழங்கியது.

தொட்டிக்குள் நிகழ்வது

தொட்டியை நிரப்பும் பொருள்களிலேயே ஒரு பாடம் அடங்கியுள்ளது. அத்தொகுப்பில் இருந்த தென்னை நார்க்கழிவு என்பது கயிறு திரிக்கும் தொழிலில் மிஞ்சும் தூள். முன்னாளில் அது ஆலைகளின் புறத்தே வீணாகக் குவிந்து கிடந்தது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைத் தாங்குவதும் எடை குறைந்திருப்பதும் அதன் சிறப்பு என்று கண்டபின், அது விலைபோகும் பொருளாயிற்று. வெறும் மண்ணை நிரப்பினால் மாடி தாங்காது. நீர் ஊறியதும் எடை இன்னும் கூடும். எனவே உப்புப் போக அலசிய நார்க்கழிவு, செம்மண், மட்கிய எரு ஆகியவற்றைக் கலந்து இடுவர். கலத்தின் அடியில் துளையிட மறந்தால் வேர் அழுகும். பையைத் தரையோடு ஒட்டி வைக்காமல் செங்கல்மேல் நிறுத்தினால் நீர் வடியும், மாடியும் கெடாது.

வெந்தயக்கீரை மூன்றே வாரத்தில் கைக்கு வரும். முளைக்கீரைக்கு ஒரு மாதம் போதும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். புதினாவுக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதை தேவையில்லை. சமைக்க வாங்கிய கட்டிலிருந்து தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு ஓரடி ஆழமும், நாளில் பாதியேனும் வெயிலும் வேண்டும். இவை பலரும் அறிந்தவை. கொடுங்கையூர் போன்ற தொழிற்பகுதியில் கூடுதலாக எண்ண வேண்டியவை சில உண்டு. ஆலைகளிலிருந்து மலிவாக வரும் இரசாயனப் பீப்பாய்களில் உண்பதற்கு எதையும் வளர்க்கக்கூடாது. கிடைத்த இடத்தில் மண் அள்ளுவதும் நன்றன்று. மேட்டின் அருகே உள்ள மண் பார்வைக்குக் கரிசலாயினும் நம்பத்தக்கதன்று. இலைமேல் படியும் தூசியை நன்கு கழுவிய பின்னரே சமைக்க வேண்டும். காலடி மண்ணை நம்ப முடியாத ஊரில், தான் அறிந்து கலந்த தொட்டி மண்ணே நம்பத்தக்க மண்ணாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது எரு. மூடியுள்ள இரண்டு மண்பானைகளில் துளையிட்டு, அன்றன்றைய காய்த்தோலையும் காய்ந்த சருகையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறி வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் கரிய, உதிரியான, மழை பெய்த மண்ணின் மணமுடைய எரு கிடைக்கும். கொடுங்கையூர் மேட்டில் நாற்பது ஆண்டுகளில் நிகழாதது ஒரு பானைக்குள் தொண்ணூறு நாளில் நிகழ்கிறது. பானையில் போட்டதும் மேட்டில் கொட்டியதும் ஒரே தோல்தான். பானைக்குள் வேறெதுவும் கலக்கவில்லை. காற்று மட்டும் புகுந்தது. வேறு மாயம் எதுவும் இல்லை.

யாருக்கு மாடி?

இவ்விடத்தில் நேர்மையாகச் சில கேள்விகளை எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொட்டிகளால் ஒரு நகரத்தை ஊட்ட முடியுமா? முடியாது. பத்துத் தொட்டிகள் ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் கீரையும் குழம்புக்குச் சில தக்காளியும் கொடுக்கலாம். அரிசியும் பருப்பும் வயலிலிருந்தே வர வேண்டும். தொட்டிகளால் குப்பைமேடு கரையுமா? ஒரு வீட்டில் நாளுக்கு அரைக்கிலோ தோல் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 180 கிலோவுக்கு மேல் ஆகும். ஆயிரம் வீடுகள் சேர்ந்தால் 180 டன்னுக்கு மேல். நாளொன்றுக்கு 5000 டன்னுக்கு மேல் குப்பை தரும் மாநகரத்தில் இது கடுகளவே. நகராட்சியின் கடமையைப் பானையின்மேல் சுமத்திவிட்டு ஒதுங்க முடியாது.

மாடி யாருக்குச் சொந்தம் என்பது அதைவிடக் கூரிய கேள்வி. கொடுங்கையூரில் வாடகைக்குக் குடியிருப்போர் ஏராளம். மாடியில் நீர் ஒழுகும், சுவர் விரிசல் காணும் என்று வீட்டுக்காரர் தடுத்தால் தொட்டி படிக்கட்டைத் தாண்டாது. மானியத் தொகுப்பும் மாடி உடையவருக்கே பயன்படும். வெயிலில் கிழிந்துபோகும் பைகள் சில ஆண்டுகளில் தாமே நெகிழிக் குப்பையாகி மேட்டுக்குச் செல்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்வகையில் பாட்டியின் உடைந்த குடமே மேலானது.

இவ்வளவு குறைகள் இருந்தும் தொட்டியை நாம் ஏன் உயர்த்திப் பேசுகிறோம்? கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2000 டன்னுக்கு மேல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை அமைக்க மாநகராட்சி முன்வந்தபோது, 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். கொட்ட இடமில்லை, எரிப்பதைத் தவிர வழியில்லை என்பது ஒரு தரப்பு. அனல் மின்நிலையங்களையும் சுத்திகரிப்பு ஆலையையும் சுமக்கும் காற்று இன்னொரு புகைபோக்கியைத் தாங்காது என்பது மறு தரப்பு. இவ்வழக்கில் இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு. நம் குப்பையில் பெரும்பங்கு ஈரமான உணவுக்கழிவு. அது நன்றாக எரிவதுமில்லை, கலந்தபின் மட்குவதுமில்லை. ஆகவே மேடா, ஆலையா, எருவா என்ற முடிவு மாநகராட்சிக் கூட்டத்துக்கு முன்பே நம் சமையலறையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. ஈரக் குப்பையைத் தனியே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. விதி கூறுவதைக் கை பழகிக்கொள்ள ஒரு செடி வேண்டியிருக்கிறது. தன் தோலிலிருந்து தன் தக்காளி வந்ததை ஒருமுறை கண்ட குடும்பம், மறுநாள் தோலையும் மின்கலத்தையும் ஒரே வாளியில் போடத் தயங்கும். தொட்டி தரும் பெரிய அறுவடை அத்தயக்கமே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூவுலகு குப்பைமேடாகி வருவதைக் கண்டு வருந்தியது. புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விட்டுவைக்கச் சொன்னதையும் அம்மடல் நினைவூட்டுகிறது. காட்டுப்பூக்களும் புற்களும் தம் விருப்பம்போல் வளர்ந்து, காண்போர் மனத்தை அவற்றைப் படைத்தவரிடம் உயர்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம். விட்டுவைக்க நிலமே இல்லாத ஊரில் அவ்வறிவுரையை எங்ஙனம் கடைப்பிடிப்பது? நம் பங்குகளுக்கு மாடிகள் உண்டு. கோவில் மாடி, பள்ளி மாடி, சமூகக்கூட மாடி ஆகியவை பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியையும் ஒலிபெருக்கியையும் தாங்கி வெயிலில் காய்கின்றன. மாடி இல்லாத வாடகைக் குடும்பங்களுக்கு அவற்றில் ஆளுக்கு நான்கு தொட்டி வைக்க இடம் தரலாம். திருவிழா அன்னதானத்தின் வாழையிலையும் காய்த்தோலும் நகராட்சி வண்டியில் ஏறாமல் பங்கு வளாகத்திலேயே எருவாகலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஓர் அன்பியக் கூட்டத்தின் தீர்மானம் போதும்.

கொடுங்கையூருக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. தன் சாக்கடையை அனுப்பிற்று, புல்லைப் பெற்றது. தன் குப்பையை அனுப்பிற்று, எதையும் திருப்பித் தரவில்லை. மேட்டை அகழ்ந்து நிலத்தை மீட்பது அரசின் பணி. அது முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை, அங்கே போய்ச்சேரும் வண்டியில் நம் வீட்டின் பங்கு ஒரு பிடியேனும் குறையுமானால், கடனில் சிறு வட்டியையாவது கட்டியவர்கள் ஆவோம். இன்றைய சமையலின் தோலை எந்தத் தொட்டியில் இடப்போகிறோம் என்பதை நாளை காலைக்குள் நாம் ஒவ்வொருவரும் முடிவு செய்தாக வேண்டும்.